வலிக்கிற இடம் ஒன்று, அழுத்துகிற இடம் வேறொன்று: ஷியாட்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷியாட்சு செய்துகொள்ள வருகிறவர்களும், வீட்டில் ஒருவருக்கொருவர் அழுத்திப் பார்க்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கழுத்து, இடுப்பு, கால் என்று உறுப்புவாரியாகக் கேள்வி வருவதால் பதிலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் முதல் மூன்று பதில்களைத் தாண்டி நேராக இடுப்புக்குப் போய்விடாதீர்கள்.

ஷியாட்சு என்றால் என்ன? மசாஜும் இதுவும் ஒன்றுதானா?

ஜப்பானிய மொழியில் 'ஷி' என்றால் விரல், 'அட்சு' என்றால் அழுத்தம். பெயரே செய்முறையைச் சொல்லிவிடுகிறது. எண்ணெய் கிடையாது, தேய்ப்பதும் உருவுவதும் கிடையாது, உடையைக் கழற்ற வேண்டியதும் இல்லை. தரையில் விரித்த மெத்தையில் தளர்வான உடுப்போடு படுத்துக்கொண்டால் போதும். செய்பவர் கட்டைவிரலாலோ உள்ளங்கையாலோ, சில இடங்களில் முழங்கையாலோ அழுத்தி, சில விநாடி அப்படியே நிறுத்தி, மெதுவாக எடுத்து, அடுத்த இடத்துக்கு நகர்வார். நடுநடுவே மூட்டுகளைச் சுழற்றுவார், கைகால்களை இழுத்து நீட்டுவார்.

ஜப்பானில் 'அன்மா' என்ற பிடித்துவிடும் முறை பல நூற்றாண்டுகளாக இருந்தது. பார்வையற்றவர்கள் பலருக்கு அதுவே தொழில். அதிலிருந்து பிரிந்து ஷியாட்சு தனி முறையாக உருவெடுத்தது 20ஆம் நூற்றாண்டில்தான். இதில் இரண்டு பெயர்கள் முக்கியம். முதலாவது நமிகோஷி தொகுஜிரோ (1905–2000). சிறுவயதில் தாயின் மூட்டு வலிக்குக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தியே கற்றுக்கொண்டவர்; 1940-இல் டோக்கியோவில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1954-இல் ஜப்பான் வந்த மர்லின் மன்றோவுக்கு வயிற்று வலி வந்தபோது இவரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் பெயர் நாடெங்கும் பரவ அதுவும் ஒரு காரணம். அவருடைய முறை தசை, நரம்பு, எலும்பு என்று உடற்கூறை வைத்துப் பேசும். இரண்டாமவர் மசுனாகா ஷிசுதோ (1925–1981). இவர் உடம்பில் உயிராற்றல் ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் ஆற்றல் பாதைகளையும், வயிற்றைத் தொட்டு நிலையறிவதையும் அடிப்படையாக வைத்தார். இன்று உலகில் ஷியாட்சு கற்றவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றையோ இரண்டின் கலவையையோதான் செய்கிறார்கள். நான் கலவைக் கட்சி.

வலிக்கிற இடத்திலேயே அழுத்தினால் போதாதா?

போதாது. பல சமயம் அங்கே கடைசியாகத்தான் போக வேண்டும்.

நாள் முழுக்கக் குனிந்து தட்டச்சு செய்கிறவருக்கு மணிக்கட்டு வலிக்கும். ஆனால் விரல்களை இயக்கும் தசைகளில் பெரும்பகுதி முன்கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. மணிக்கட்டில் இருப்பவை அங்கிருந்து வரும் தசைநாண்கள்தான். கயிறு இழுபட்டால் முடிச்சைத் தேய்த்துப் பயனில்லை, இழுக்கிற முனையைத் தளர்த்த வேண்டும். அதேபோல் குறுக்கு வலி என்று வருகிறவர்களில் பலருக்கு இறுகிக் கிடப்பது புட்டத் தசை. தோள்பட்டை வலி என்பவரின் நெஞ்சுத் தசை சுருங்கித் தோளை முன்னால் இழுத்துக்கொண்டிருக்கும்.

மசுனாகா இதை 'ஜித்சு', 'க்யோ' என்ற சொற்களால் சொல்வார். நிரம்பித் திமிறி நிற்கிற இடம் ஜித்சு. காலியாகி உள்வாங்கிக் கிடக்கிற இடம் க்யோ. நம் கவனத்தை இழுப்பது எப்போதும் ஜித்சுதான், ஏனென்றால் அது கத்துகிறது. க்யோ சத்தம் போடாது. விரலுக்கு அது மாவுபோல் மெத்தென்று, சற்றுக் குளிர்ந்துகூடத் தெரியும். அந்த இடத்தில் நிதானமாக ஒரு கையை வைத்திருந்தால், கத்துகிற இடம் தானாகவே இளகுவதைப் பார்க்கலாம். ஆற்றல் பாதைகளில் நம்பிக்கை இல்லாதவர்களும் இந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்: முதலில் சுற்றிலும், பிறகு தூரத்தில், கடைசியில் வலிக்கிற இடம்.

எவ்வளவு பலமாக அழுத்த வேண்டும்? எனக்குக் கட்டைவிரல்தான் வலிக்கிறது.

கட்டைவிரல் வலித்தால் நீங்கள் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். ஷியாட்சுவில் தள்ளக் கூடாது, சாய வேண்டும்.

இப்படிச் செய்து பாருங்கள். படுத்திருப்பவரின் பக்கத்தில் முழங்காலிட்டு, கையை நேராக நீட்டி, கட்டைவிரலின் நுனியை அல்ல, ரேகை இருக்கிற சதைப்பற்றுப் பகுதியைத் தோலில் வையுங்கள். மற்ற நான்கு விரல்களும் பக்கத்தில் விரிந்து தாங்கட்டும். இப்போது தோளால் அழுத்தாமல், இடுப்பை மட்டும் முன்னால் கொண்டு வாருங்கள். உடம்பின் எடை தானாகக் கை வழியே இறங்கும். தோலுக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். சாய்வாக இறங்கினால் தோல்தான் இழுபடும். அவர் மூச்சை விடும்போது சாயுங்கள், இழுக்கும்போது பின்வாங்குங்கள்.

முதல் விநாடியில் தசை உங்கள் விரலை எதிர்க்கும். அங்கேயே நில்லுங்கள், மேலே போகாதீர்கள். இரண்டு, மூன்று... சட்டென்று அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், விரல் அரைக்கால் விரற்கடை உள்ளே போகும். கீழே இருப்பவர் அந்த நேரம் பார்த்து ஒரு நீண்ட பெருமூச்சு விடுவார். அந்த இடத்தில் வேலை முடிந்தது. பொதுவாக ஓரிடத்துக்கு 3 முதல் 5 விநாடி. இரண்டு மூன்று முறை திரும்ப வரலாம்.

'சுகமான வலி' என்று சொல்வோமே, அதுதான் எல்லை. முகம் சுளித்தாலோ, மூச்சை அடக்கினாலோ, பாதம் இறுகினாலோ அந்த எல்லை தாண்டிவிட்டது. கற்றுக்கொள்ளத் தொடங்கிய புதிதில் ஒரு தோழியின் தோளை 'ஒரு கை பார்த்து' விட்டேன். மறுநாள் அவளுக்குத் தோளில் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. எனக்குக் கட்டைவிரல் மூட்டு வீங்கி மூன்று வாரம் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. பலம் காட்டியதில் யாருக்கும் லாபமில்லை.

கழுத்துப் பிடிப்புக்கும் தோள்பட்டை இறுக்கத்துக்கும் எங்கே அழுத்துவது?

அதிகம் வருகிற கேள்வி இது, அதிகம் தப்பு நடக்கிற இடமும் இதுதான்.

மண்டையோட்டின் அடிவிளிம்பைப் பின்பக்கம் தடவிப் பாருங்கள். நடுப்பள்ளத்துக்கு இருபுறமும், கழுத்தின் தடித்த தசைக்கு வெளியே ஒரு குழி கிடைக்கும். 'ஃபூச்சி' என்று பெயர். மல்லாந்து படுத்தவரின் தலையை உள்ளங்கையில் ஏந்தி, நடுவிரல்களை அந்தக் குழிகளில் மேல்நோக்கி வைத்தால் தலையின் எடையே அழுத்தம் தந்துவிடும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். ஒரு நிமிடம் கழித்துக் கையில் தலை கனத்துக்கொண்டே போவது தெரியும்.

அங்கிருந்து கழுத்தின் பின்பக்கமாக, முதுகெலும்பை விட்டு இருபுறமும் உள்ள தசை வழியே கீழே இறங்குங்கள். தோளின் உச்சியில், கழுத்தின் அடிக்கும் தோள்முனைக்கும் நடுவே ஒரு மேடு தட்டுப்படும். 'கென்செய்', அதாவது தோள் கிணறு. உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் நின்று, இரண்டு பக்கமும் முன்கையை வைத்துச் சாய்ந்தாலே போதும். பிறகு தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு ஓரமாக வரிசையாக மேலிருந்து கீழ். கடைசியில் நெஞ்சு: காறையெலும்புக்குக் கீழே, தோள்மூட்டுக்கு உள்பக்கமாக உள்ள பள்ளம். இதை விட்டுவிட்டால் தோள் இரண்டே நாளில் பழையபடி முன்னால் வந்துவிடும்.

கழுத்தின் முன்பக்கத்தைத் தொடாதீர்கள். நமிகோஷி முறையில் முறையாகப் பயின்றவர்கள் அங்கே மிக இலேசாகச் செய்வதுண்டு. பார்த்துவிட்டு வீட்டில் செய்யக் கூடியதல்ல. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி அங்கே துடிக்கிறது. கழுத்தில் ஷியாட்சு செய்த பிறகு இரத்தக்கட்டி கிளம்பி விழித்திரையிலும் மூளையிலும் தமனி அடைபட்ட ஒரு சம்பவம் 2001-இல் மருத்துவ இதழிலேயே பதிவாகியிருக்கிறது. கழுத்தை 'சடக்' என்று திருப்பிச் சொடுக்கெடுப்பதும் ஷியாட்சு அல்ல. யாராவது அப்படிச் செய்ய வந்தால் எழுந்துவிடுங்கள்.

தலைவலிக்கு?

கழுத்து இறுக்கத்தால் பிடரியிலிருந்து ஏறி நெற்றியை வளைத்துப் பிடிக்கிற தலைவலிக்கு ஷியாட்சு நன்றாக உதவும் என்பது என் அனுபவம். மேலே சொன்ன பிடரிக் குழிகள், பிறகு நெற்றிப்பொட்டு, புருவங்களின் உள்முனை. முகத்தில் நாணயத்தின் எடை அளவுக்கு மேல் வேண்டாம். கையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையை, ஆட்காட்டி விரலின் எலும்பை நோக்கி அழுத்துவதும் வழக்கம்.

திடீரென்று இடி விழுந்த மாதிரி வந்த தலைவலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தது, அடிபட்ட பிறகு வந்தது, வாய் குழறுவதோ ஒரு பக்கம் கைகால் தளர்வதோ கூட வந்தது: இவற்றுக்கு விரல் வைக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

குறுக்கு வலிக்கு நேராக இடுப்பில் அழுத்தலாமா?

புட்டத்திலிருந்து தொடங்குங்கள். குப்புறப் படுத்தவரின் புட்டத்தின் பக்கவாட்டுப் பள்ளத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்துச் சாயுங்கள். உடம்பில் இவ்வளவு தடித்த தசை வேறெங்கும் இல்லை. இங்கே மட்டும் எடையைத் தாராளமாக இறக்கலாம். பலர் "ஆ, அங்கேதான்!" என்று கத்துவார்கள். இடுப்பில் வலி என்று வந்தவர்கள்தான்.

அதன் பிறகு முதுகு. முதுகெலும்பின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளி, இருபுறமும் நீண்ட தசைத்திரட்சி ஓடுகிறது. தோள்பட்டைகளுக்கு நடுவே தொடங்கி, கட்டைவிரல்களை இணையாக வைத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு படி கீழே வாருங்கள். தொப்புளுக்கு நேர் பின்னே உள்ள இடம் 'ஜின்யு'. அங்கே அழுத்துவதைவிட இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துச் சூடு ஏறும்வரை சும்மா இருப்பதே எனக்குப் பிடித்த வழி. எலும்பின் மேலேயே அழுத்தக் கூடாது. கீழ் விலா எலும்புகள் முடிகிற இடத்திலும் பலம் வேண்டாம். அடியில் சிறுநீரகம் இருக்கிறது.

முடிவில் தொடையின் பின்பக்கம் வழியாக முழங்கால் மடிப்புவரை. மடிப்பில் இலேசாக, ஏனென்றால் இரத்தக்குழாயும் நரம்பும் அங்கே தோலுக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன.

கால்வரை மின்னல் மாதிரி இறங்குகிற வலி, பாதத்தைத் தூக்க முடியாத தளர்வு, தொடையிடுக்கிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போதல், சிறுநீர் மலம் கட்டுப்பாடு போவது: இவற்றில் கடைசி இரண்டும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டிய அவசரம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

வயிற்றிலும் செய்வார்களாமே?

ஆமாம். ஜப்பானியர் வயிற்றை 'ஹரா' என்பார்கள். மசுனாகா முறையில் உடம்பு முழுவதையும் வயிற்றைத் தொட்டுத்தான் படிக்கத் தொடங்குவார்கள். மலச்சிக்கலுக்கும் வயிற்று உப்புசத்துக்கும், முழங்காலை மடக்கி மல்லாந்து படுக்க வைத்து, வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே ஏறி, குறுக்கே கடந்து, இடப்பக்கம் இறங்க வேண்டும். பெருங்குடல் போகிற திசை அது. விரலால் குத்தாமல் நான்கு விரல்களையும் சேர்த்துப் படிய வையுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். என்னவென்று தெரியாத வயிற்று வலிக்குச் செய்யவே கூடாது. குடல்வால் அழற்சியாக இருந்தால் நாளைக் கடத்தியதாகிவிடும்.

பயணத்தில் குமட்டல் வந்தால் மணிக்கட்டில் அழுத்தச் சொல்கிறார்கள். உண்மையா?

உள் மணிக்கட்டின் மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே உள்ள 'நைகான்' புள்ளி அது. இந்தத் துறையில் உருப்படியான சான்று உள்ள ஒரு சில புள்ளிகளில் ஒன்று. குறிப்பாக, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வருகிற குமட்டலிலும் வாந்தியிலும் இதைத் தூண்டிப் பார்த்த ஆய்வுகள் நிறைய. பலன் இருப்பதாகவே அவற்றின் தொகுப்பாய்வு சொல்கிறது. மற்றபடி வாகனத்தில் போகும்போது அழுத்திப் பார்ப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

முழங்கால், கெண்டைக்கால், பாதம்?

முழங்கால் சில்லின் மேல் அழுத்தாதீர்கள். சில்லுக்கு மேலே தொடைத் தசையின் கீழ்ப்பகுதி. சில்லுக்கு நான்கு விரல் கீழே, முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளி உள்ள 'சன்ரி': இவைதான் வேலை செய்ய வேண்டிய இடங்கள். மூட்டு சூடாகச் சிவந்து வீங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

கெண்டைக்காலில் ஒரு எச்சரிக்கை. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால், அதுவும் நீண்ட பயணத்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ பிறகு என்றால், உள்ளே இரத்தக்குழாயில் (சிரையில்) இரத்தம் உறைந்திருக்கலாம். அழுத்தினால் அந்தக் கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. சிரை முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும் இடத்திலும் கைவைக்கக் கூடாது.

பாதம்தான் வீட்டில் தொடங்க நல்ல இடம். கால்விரல்களை மடக்கினால் உள்ளங்காலின் முன்பகுதியில் ஒரு குழி விழும், அது 'யூசென்', பொங்கும் ஊற்று. தூங்கும் முன் இரண்டு காலிலும் அழுத்தினால் உடம்பு அடங்கும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறவர்கள் குதிகாலையே நசுக்குவதை விட்டு, பாதத்தின் வளைவையும் கெண்டைக்காலையும் கவனியுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அழுத்தம் அதிகமானால் தெரியாது என்பதால் உள்ளங்கை மட்டும் போதும்.

கர்ப்பிணிகள் செய்துகொள்ளலாமா?

அதற்கென்று பயின்றவரிடம், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் படுத்துச் செய்துகொள்ளலாம். தோள் கிணறு, கையில் கட்டைவிரல் இடுக்கு, உள் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே உள்ள 'சான்இன்கோ' ஆகிய மூன்றும் பிரசவ வலியைத் தூண்டும் என்று மரபில் சொல்வதால் தவிர்ப்பார்கள். அவை உண்மையிலேயே அப்படிச் செய்யுமா என்பது விவாதத்துக்குரியது. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய நேரம் கர்ப்பகாலம் அல்ல.

வேறு யாருக்குக் கூடாது?

காய்ச்சல், எலும்பு முறிவு, ஆறாத புண், தோல் தொற்று, அண்மையில் அறுவைச் சிகிச்சை, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் இருப்பவர்கள் தள்ளிப்போடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் எலும்பு அடர்த்தி குறைந்து பலமிழந்தவர்களுக்கும் விரல் அழுத்தமே வேண்டாம். அப்படி எலும்பு பலமிழந்த முதியவர் முதுகில் ஆர்வத்தோடு சாய்ந்தால் விலா முறியும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்காமல் வரக் கூடாது.

ஷியாட்சு நாற்காலி, ஷியாட்சு தலையணை என்றெல்லாம் விற்கிறார்களே?

ஜப்பானிய அரசு ஷியாட்சுவுக்குத் தந்த விளக்கத்திலேயே கருவி எதையும் பயன்படுத்தாமல் விரலாலும் உள்ளங்கையாலும் செய்வது என்றிருக்கிறது. அந்தக் கணக்கில் நாற்காலி ஷியாட்சு செய்ய முடியாது. உருளை ஓடுகிறது, சுகமாக இருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் மூச்சை அடக்குவது அதற்குத் தெரியாது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

2008-இல் வெளியான ஓர் ஆய்வு ஆஸ்திரியா, ஸ்பெயின், பிரிட்டன் ஆகிய நாடுகளில் ஷியாட்சு செய்துகொண்ட 948 பேரைப் பின்தொடர்ந்தது. இறுக்கமும் தசை, மூட்டுத் தொல்லைகளும் குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். ஆனால் செய்துகொள்ளாதவர்களோடு ஒப்பிடவில்லை. தானாகவே ஆறியது எவ்வளவு என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. 2011-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, புள்ளி அழுத்த முறைக்குக் குமட்டல், வலி, தூக்கம் போன்றவற்றில் ஓரளவு சான்று இருக்கிறது, ஷியாட்சு என்ற முழு முறைக்கு ஆய்வுகளின் எண்ணிக்கையும் தரமும் போதாது என்றது.

ஆற்றல் பாதைகளை உடலை அறுத்துப் பார்த்தால் காண முடியாது. எனக்கு அவை ஒரு வரைபடம். வழி காட்டுகிறது, பயன்படுத்துகிறேன். நோய் தீரும் என்று சொல்லி யாரிடமும் மருந்தை நிறுத்தச் சொன்னதில்லை. அப்படிச் சொல்கிறவரிடம் போகாதீர்கள்.

எனக்கு நானே செய்துகொள்ள முடியுமா?

கை, முன்கை, பாதம், பிடரி, வயிறு எல்லாம் முடியும். முதுகுக்கு இரண்டு டென்னிஸ் பந்துகளை ஒரு காலுறைக்குள் போட்டு முடிந்து, முதுகெலும்பு இரண்டுக்கும் நடுவே வருமாறு சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள். தரையில் படுத்துச் செய்தால் எடை முழுவதும் இறங்கிவிடும், புதியவர்களுக்கு அது அதிகம்.

செய்த மறுநாள் உடம்பு வலிக்கிறதே?

ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் அசதியும் இலேசான வலியும் இருக்கலாம். கன்றிப்போனாலோ, மரத்துப்போனாலோ, முன்பைவிட வலி கூடினாலோ அது 'நச்சு வெளியேறுகிற அறிகுறி' அல்ல, அழுத்தம் அதிகமாகிவிட்டது. செய்தவரிடம் அதைச் சொல்லுங்கள்.

நல்ல பயிற்சியாளரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜப்பானில் குறைந்தது மூன்று ஆண்டு படித்து அரசுத் தேர்வு எழுதித்தான் உரிமம் வாங்க வேண்டும். மற்ற நாடுகளில் விதி ஆளுக்கொன்று. பலவற்றில் வாரக்கடைசி வகுப்பு முடித்தவரும் பலகை மாட்டிக்கொள்ளலாம். எனவே எத்தனை மணி நேரப் பயிற்சி என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அவர் உங்களைக் கேட்கிறாரா என்றும் பாருங்கள்: என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், அறுவைச் சிகிச்சை நடந்ததா, கர்ப்பமா. ஒன்றும் கேட்காமல் நேராகப் படுக்கச் சொன்னால் யோசியுங்கள். படுத்த பிறகு இன்னொரு சோதனை இருக்கிறது. "கொஞ்சம் வலிக்கிறது" என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். நல்லவர் கை அந்த நொடியே இளகும். "பொறுத்துக்கொள்ளுங்கள், அப்படித்தான் இருக்கும்" என்கிறவரிடம் இரண்டாவது முறை போக வேண்டாம்.